வருசநாட்டில் தாய்ச் சாப்பாடு!

சென்னையில் சில பேட்டைகளில் "தாய் உணவகம்" என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு புண்ணியவதி வீட்டுப் பக்குவத்தில் வடித்துப் போடுகிறாள் போலிருக்கிறது என்று நம்பி உள்ளே நுழைந்தீர்களோ, போயிற்று! மங்கலான விளக்கு, மேஜை மீது ஒற்றை ஆர்க்கிட் பூ, வாயில் நுழையாத பெயர்களோடு ஒரு பட்டியல், கடைசியில் மூச்சை அடைக்கும் ஒரு பில். அந்தத் "தாய்" நம்மைப் பெற்றவள் அல்ல, பழைய சயாம் தேசம் என்பது அப்போதுதான் புரியும்.

இருந்தாலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். கல்யாண நாள், பரீட்சை முடிந்த நாள் என்று பிள்ளைகள் நம்மை அங்கே இழுத்துக்கொண்டு போவதில் தவறில்லை. மறு நாள் பக்கத்து வீட்டு மாமி "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால்தான் சங்கடம். "தேங்காய்ப் பாலில் என்னவோ புல்லெல்லாம் போட்டு..." என்று இழுக்க வேண்டியிருக்கிறது.

அந்த "என்னவோ" என்னவென்று பார்க்கத்தான் உங்களை இந்த வாரம் வருசநாட்டுக்கு அழைக்கிறேன். "சயாமுக்கு வழி கேட்டால் தேனி பஸ் நிலையத்தைக் காட்டுகிறாயே!" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கூட வாருங்கள்.

சென்னையிலிருந்து 2023 முதல் போடிநாயக்கனூருக்கே நேராக ரயில் ஓடுகிறது. மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டித் தேனியில் இறங்கிக்கொள்ளலாம். தேனியில் இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தென்மேற்கே கம்பம் பக்கம் போய்விடுவார்கள். போவதற்குக் காரணமும் உண்டு. பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டது. நெல், வாழை, திராட்சை என்று கண் நிறைய விளைச்சல். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. சினிமாக்காரர்களும் காமிராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம்தான் ஓடுகிறார்கள்.

நாம் போகப் போவது தெற்கே. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, அப்புறம் வருசநாடு. கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் நடுவே மேகமலைத் தொடர் நந்தி மாதிரி படுத்திருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் மதுரையில் அழகர் இறங்குகிறாரே, அந்த வைகை பிறப்பது இந்த வருசநாட்டு மலையில்தான். மூல வைகை என்று இங்கே பெயர். மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். பெற்ற வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல் புகுந்த வீட்டை வாழ வைக்கிற பெண்கள் உண்டல்லவா? எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். கடமலைக்குண்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மலை ஓரத்தில் இலவ மரங்கள். இலை உதிர்ந்த காலத்தில் காய்கள் மட்டும் வரிசையாகத் தொங்கும். நம் வீட்டுத் தலையணைக்குள் இருந்த பஞ்சு இந்த ஊர்க்காரர்கள் அனுப்பியதாக இருக்கலாம். ரப்பர் மெத்தை வந்த பிறகு இலவம் பஞ்சை யார் தேடுகிறார்கள்? கிளிக்குப் பதிலாக இப்போது விவசாயி காத்துக்கொண்டிருக்கிறார்.

வருசநாட்டுக் கடைத் தெருவில் நான் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. நல்ல பசி. தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு பெஞ்சு, வாசலில் பரோட்டாக் கல், ஒரு கரும்பலகை. பலகையில் எழுதியிருந்தது: பரோட்டா, சில்லி பரோட்டா, சிக்கன் ரைஸ், நூடுல்ஸ். தாம்பரத்திலும் திருச்சியிலும் இருக்கிற அதே பட்டியல். இதற்காகவா இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்தேன் என்று மனசு சோர்ந்துபோயிற்று.

கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க தாயி. ரைஸ் போடச் சொல்லவா?"

"நீங்கள் மத்தியானத்துக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க திங்கிறதா? அது வீட்டுச் சோறு தாயி. மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வச்சிருக்கேன். உங்களுக்குச் சேராது."

"அதைத்தான் போடுங்கள்."

நம்பாமல் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் உள்ளே போய் இலையை எடுத்து வந்தார்.

சுடச்சுடச் சோறு. மொச்சைக் கொட்டை, கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு மூன்றும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் கூடிக் கொதித்த புளிக்குழம்பு. அதில் தேங்காய் அரைத்து விட்டிருந்தார். பப்பாளிக்காயைச் சீவித் துருவி வதக்கிய பொரியல். முருங்கைக்கீரை. ஓரத்தில், சுண்டுவிரல் நுனி அளவு காந்தாரி மிளகாயை உப்பும் புளியும் வைத்து நசுக்கிய ஒரு துவையல். நான் அசைவம் கண்டால் ஒதுங்குகிற ஜாதி இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த இலையில் எனக்கு முதல் பரிசு பப்பாளிக்காய்க்குத்தான்.

இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டபோதுதான் மண்டையில் உறைத்தது. இந்த இலையில் இருப்பதெல்லாம் சென்னையில் அந்த மங்கல் விளக்குக்கு அடியில் நான் சாப்பிட்டவைதான்!

கருவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்காரர்கள் சமையலுக்கு நாம் உப்புப் போடுகிற இடத்தில் "நாம் ப்ளா" என்ற ஒரு சாற்றை விடுகிறார்கள். மீன் தண்ணீர் என்று அர்த்தம். நெத்திலி இனத்து மீனை உப்போடு தொட்டியில் அடைத்து, மாதக் கணக்கில் ஊறவிட்டு வடித்தெடுக்கிறது. பட்டணத்தில் கருவாட்டுக் கடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற நாம், அதே நெத்திலி கண்ணாடிப் புட்டியில் ஏறி வந்தால் தலையாட்டிச் சப்புக்கொட்டுகிறோம். பப்பாளிக்காயையும் அங்கே உரலில் போட்டு, மிளகாய், எலுமிச்சைச் சாறு, பனைவெல்லம், அந்த மீன் சாறு எல்லாம் சேர்த்து இடித்து "சோம் தம்" என்று பரிமாறுகிறார்கள். நாம் அடுப்பில் வதக்குகிறோம், அவர்கள் பச்சையாக இடிக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மிளகாய்க் கதை இன்னும் ஸ்வாரஸ்யம். மிளகாய் நம்முடையதும் அல்ல, சயாமியருடையதும் அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். மறு வருஷமே சயாம் ராஜாவுக்குத் தூது அனுப்பினார்கள். அவர்கள் கப்பல் போன வழியே மிளகாயும் போயிற்று. புதிதாக வந்த காய்க்கு என்ன பெயர் வைப்பது? நம் பாட்டிகள் மிளகைப் போல் காரமான காய் என்று மிளகாய் என்றார்கள். சயாமில் அதுவரை மிளகுக்கு இருந்த "ப்ரிக்" என்ற பெயரை மிளகாய்க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பழைய மிளகை "ப்ரிக் தாய்", அதாவது நம்ம ஊர் மிளகு, என்று தனியாகப் பிரித்தார்கள். இரண்டு தேசத்துச் சமையலறைகளிலும் ஒரே யோசனை ஓடியிருக்கிறது பாருங்கள்!

அங்கேயும் எல்லா வகையும் ஒரே சமயத்தில் வந்து, நடுவே சோறு ராஜாவாக வீற்றிருக்கும். முதலில் சூப்பு, பிறகு இது, அப்புறம் அது என்கிற வெள்ளைக்காரக் கிரமமெல்லாம் கிடையாது. நண்பரைப் பார்த்தால் "சோறு சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான் குசலம். கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? இருக்கத்தான் செய்யும். பாங்காக் அரண்மனைச் சடங்கு ஒன்றுக்குத் திருவெம்பாவை, திருப்பாவை இரண்டின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீலோம் வீதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோவிலில் இன்றைக்கும் தாய்லாந்துப் பெண்கள் பூத்தட்டோடு வந்து கும்பிடுகிறார்கள். போக்குவரத்து நீண்ட நாளாக உண்டு.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். "தாய்ச் சாப்பாடு" என்ற வார்த்தையைக் கேட்டதும், "ஆத்தா ஆக்கிப் போடுறதுதானே தாயி? அதுக்கா அம்புட்டுக் காசு வாங்குறாக?" என்றார். நான் என்ன பதில் சொல்ல!

"அப்படியானால் நீங்களும் இதைப் பலகையில் எழுதலாமே?"

"காசு குடுத்துச் சாப்பிட வாரவுகளுக்கு வீட்டுச் சோத்தைப் போட்டா நல்லாவா இருக்கும்? அருவி பாக்க வாரவுகளும் ரைஸ் இருக்கானுதான் கேக்குறாக."

கோம்பைத்தொழுப் பக்கத்தில் சின்னச் சுருளி அருவி இருக்கிறது. தண்ணீர் விழுகிற மாதங்களில் கார் கட்டிக்கொண்டு கூட்டம் வரும். வருகிறவர்கள் தங்கள் ஊரில் தின்றதையே இங்கும் கேட்கிறார்கள். கடைக்காரர் ஸாஸ் புட்டியை வாங்கி வைக்கிறார். அந்த அம்மாளின் மகள் திருப்பூரில் வேலை பார்க்கிறாளாம். மருமகளுக்குக் கருவாடு கழுவவே பிடிக்காதாம். "எனக்கப்புறம் இந்த அடுப்புல பரோட்டாதான் தாயி" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சோறு தொண்டையில் நின்றது.

இந்த இடத்தில் சயாமியரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். உலகத்தில் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் தெருக்கோடியில் ஒரு தாய்லாந்துக் கடை இருக்கிறதே, அது தற்செயலாக நடந்தது அல்ல. 1938-லிருந்து 1944 வரை பிரதமராக இருந்த பிபுன் சோங்கிராம், நூடுல்ஸைத் தேசிய உணவாக்கி ஜனங்களைச் சாப்பிடச் சொன்னார். புளியும் வெல்லமும் போட்ட "பாட் தாய்" அப்படித்தான் பேரெடுத்தது. பிறகு 2002-ல் அந்நாட்டு அரசாங்கமே ஒரு திட்டம் போட்டு, அப்போது வெளிநாடுகளில் ஏறக்குறைய 5,500 ஆக இருந்த தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகளை 8,000 ஆக்குவது என்று இறங்கியது. சமையற்காரர்களுக்குப் பயிற்சி, கடை வைக்கக் கடன், நல்ல கடைக்கு முத்திரை எல்லாம் கொடுத்தார்கள். ஒரு கிராமத்துப் பாட்டி உரலில் இடித்த பப்பாளிக்காயை ராஜதூதர் மாதிரி மரியாதையாக விமானம் ஏற்றினார்கள். நம் பாட்டியோ விருந்தாளி வந்தால் குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? கேட்கிறவர்கள் நாம்தானே.

நிற்க. "என்னவோ புல்" என்று மாமியிடம் இழுத்தீர்களே, அதற்கு வருவோம்.

வருசநாட்டுக்கு மேலே மலைக் கிராமங்களில் எலுமிச்சைப் புல் வளர்க்கிறார்கள். தைலப் புல் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஓடையோரமாகக் கொட்டகை போட்டு, பெரிய டிரம்மில் புல்லைத் திணித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, அடியில் நெருப்பு மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் போய் மறுபடி நீராகிச் சொட்டும். மேலே மஞ்சளாக மிதப்பது தைலம். காய்ச்சிய புல்லையே உலர்த்தி அடுத்த நாள் அடுப்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். தைலம் சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போகிறது. அதிலிருக்கும் சிட்ரால் என்ற பொருளிலிருந்து வைட்டமின் ஏ கூடச் செய்கிறார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் மலையே எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி மணக்கும்.

கடைக்கார அம்மாள் பிறந்தது அப்படி ஒரு மலைக் கிராமத்தில். புல்லைக் கொதிக்கவைத்துச் சளிக்கு ஆவி பிடித்திருக்கிறார். கட்டங்காப்பியில் போட்டுக் குடித்திருக்கிறார். குழம்பில் போட்டதில்லை. "அந்த வாடைதான் அண்ணன் சட்டையில, வீட்டுல, பாயில எல்லாம் இருக்கும். சோத்துலயுமா?" என்றார்.

இனி அந்த வாடை எத்தனை நாள் என்பதும் கேள்விதான். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் பகுதி 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலைக் கிராமத்தாருக்கும் வனத்துறைக்கும் நிலத்தைப் பற்றிய வழக்கு வாய்தா எல்லாம் அதற்கு வெகு நாள் முந்தியே உண்டு. காடு இருந்தால்தான் வைகை. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் முந்திரியும் இலவமும் புல்லுமாகப் பிழைத்தவர்களைக் கீழே இறக்கினால், அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கும் யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மாளின் அண்ணன் இறங்கி வந்துவிட்டார். இப்போது கடை வாசலில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் அவர்தான்.

மறு நாள் காலையில் நானும் அந்த அம்மாளுமாக ஒரு காரியம் செய்தோம். அடுப்பங்கரைப் பின்பக்கம், தண்ணீர் ஓடுகிற இடத்தில், சாண் அகலத்தில் ஒரு புல் தூர் இருந்தது. தைலத்துக்கான ஜாதியில் தண்டு மெலிவு. தாய்லாந்துச் சமையல் புல்லுக்கு அடித்தண்டு வெங்காயத் தாள் மாதிரி பருமனாக இருக்கும். வாசனை இரண்டுக்கும் பங்காளி உறவு. இரண்டு தண்டைக் குழவியால் நசுக்கினோம். தோப்பிலிருந்து வந்த முற்றின தேங்காய் ஒன்றைத் துருவி, கெட்டிப்பால் தனியாகவும் இரண்டாம் பால் தனியாகவும் பிழிந்துகொண்டோம். சயாமியர் போடுகிற கிழங்கு நம் பேரரத்தைதான். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும். பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், சிற்றரத்தை வேறு. அகப்படாவிட்டால் இஞ்சி. அவர்கள் ஒரு ஜாதி எலுமிச்சை இலையைப் போடுகிறார்கள். நமக்கென்ன, நாரத்தை இலை இல்லையா? வேப்பிலைக்கட்டி இடித்த கைகளுக்கு அது புதிதா?

இரண்டாம் பாலில் புல், கிழங்கு, நரம்பு கிள்ளிய இரண்டு கொழுந்து நாரத்தை இலை, கீறின நாலு காந்தாரி மிளகாய் எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டோம். அதில் சின்னத் துண்டுகளாகக் கோழிக்கறி. சைவர்கள் காளான் போடலாம். வெந்ததும் உப்பு, ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம். கெட்டிப்பாலை விட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகு. புல்லைத் தின்ன வேண்டாம், கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிடலாம்.

சோற்றில் விட்டுப் பிசைந்து முதல் வாய் போட்டதும் அம்மாள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஊருப் பக்கம் போன மாதிரி இருக்கு" என்றார் பிறகு. இன்னும் ஒரு கரண்டி விட்டுக்கொண்டார். மருமகள் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தவள், கருவாடு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு, தட்டை எடுத்து வந்தாள்.

"இதுக்கு என்னன்னு பேரு எழுதுறது?" என்று கேட்டாள் அவள்.

மாமியாரும் மருமகளும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போதே என் பஸ் வந்துவிட்டது. ஆகையால் பலகையில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேனியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம். காலை பத்து மணிக்குள் கடைத் தெருவில் இறங்கி, "வீட்டுச் சோறு வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு அப்புறம் அருவிக்கோ ஆற்றங்கரைக்கோ போங்கள். ஒரு மணிக்குத் திரும்பினால் இலை தயாராக இருக்கும். சொல்லாமல் போய் நின்றால் ரைஸ்தான் கிடைக்கும்.